சொல் கேட்காத சிப்பிப்பாறையும் வீடு தேடி வரும் பயிற்சியாளரும்: ராயபுரத்திலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய இடங்களில் வீடு தேடி வந்து நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்கும் ஒருவரை எங்கள் வீட்டில் அமர்த்தியிருந்தோம். அவருக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வீட்டார் சொல்லி இன்னொரு வீட்டார் அழைப்பதில்தான் அவருடைய தொழில் ஓடுகிறது. இருக்கிற வீடுகளுக்கே நேரம் போதவில்லை என்று அவர் சொல்வதால் பெயரையும் எண்ணையும் இங்கே தரவில்லை. ஆனால் நாய்ப் பயிற்சிக்கென்று இந்தப் பகுதியில் பலரும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கண்டால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதை எங்களுக்குக் கிடைத்த சேவையை வைத்தே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நாய், செவலை நிறச் சிப்பிப்பாறை. இளவட்டமான ஆண் நாய். வீட்டுக்குள் உட்காரச் சொன்னால் உட்காரும், படுக்கச் சொன்னால் படுக்கும். தெருவில் இறங்கிவிட்டாலோ நாங்கள் யாரோ, அது யாரோ. மீன் கூடைகளைச் சுற்றித் திரியும் பூனை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் சங்கிலியோடு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தென்மாவட்டங்களின் வறண்ட காடுகளில் முயல் விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி, ஆளின் உத்தரவுக்குக் காத்திராமல், ஓடும் இரையை விரட்டிப் பிடிப்பதற்கென்றே உருவானது. அப்படிப்பட்ட நாய், துரத்தும் வேகத்தில் பின்னாலிருந்து வரும் குரலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக அதைப் பிடிவாதம் என்று முத்திரை குத்துவது அரைகுறையான கணிப்பு. வயதுக்கும் இதில் பங்குண்டு. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை வைத்து நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 5 மாத வயதில் வளர்ப்பவர் சொன்னதும் உட்கார்ந்த குட்டிகள் 8 மாத வயதில் அதே சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளாததும், அறிமுகமற்றவர் சொன்னபோது அந்த அளவுக்குப் புறக்கணிக்காததும் தெரியவந்தது. விடலைப் பருவத்தின் சண்டித்தனத்தை நாய்கள் வீட்டு ஆட்களிடம்தான் காட்டுகின்றன போலும்.

முதல் சந்திப்பில் பயிற்சியாளர் நாயைத் தொடவே இல்லை. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா, மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறதா என்று விசாரித்தார். நாயின் காதுகளையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று சொல்லிவிட்டார். காதில் சீழ் இருந்தால் நாய் கூப்பிட்டதைச் சரியாகக் கேட்காது. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே அடம்பிடிப்பது போலத்தான் தெரியும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இந்தப் பரிசோதனை பெரிய செலவாகவும் இல்லை. பணம் வாங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் அனுப்பும் பயிற்சியாளர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

அடுத்ததாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் நாயைக் கூப்பிடச் சொல்லி, ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா ஒரு விதமாகவும், அம்மா வேறு விதமாகவும், தம்பி விசிலடித்தும் கூப்பிட்டார்கள். நாய் வந்ததும் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதற்கு வந்த பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன: சங்கிலியில் கட்டுவோம், குளிப்பாட்டுவோம், உண்ணி பார்ப்போம். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், கூப்பிட்டவுடன் வருவதைப் போல நஷ்டமான காரியம் வேறில்லை. "கூப்ட்டு வந்தா அதுக்கு நல்லது நடக்கணும்மா. குளிக்க வெக்கணுமா, நீங்க எழுந்து போய்ப் புடிச்சிக்குங்க, கூப்டாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். எந்தச் சொல்லுக்கு நாய் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தினசரி நாள்காட்டியின் அட்டையில் எழுதி, எல்லோரும் அதையே சொல்ல வேண்டும் என்று சமையலறையில் மாட்டவும் வைத்தார். அவர் வந்து போகும் முக்கால் மணி நேரத்தில் பாதி இப்படி வீட்டாரைத் திருத்துவதிலேயே கழிகிறது. காசு கொடுத்து நாயை ஒப்படைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். எனக்கு, இந்தச் சேவையின் மதிப்பே அந்தப் பாதியில்தான் இருப்பதாகப் படுகிறது.

முறை எளிமையானது. கையில் வேகவைத்த கோழி ஈரல். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் பட்டாணி அளவுக்கு நறுக்கியது. நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து 'டக்' என்று ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு துண்டு ஈரல். கடைகளில் கிடைக்கும், அழுத்தினால் ஒலியெழுப்பும் கிளிக்கர் என்ற சிறு கருவி செய்கிற வேலையும் இதுவேதான். அது தொலைந்துபோகும், நாக்கு தொலையாது என்பது அவருடைய வாதம். ஒலியும் உணவும் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தால் ஒலியே உணவின் முன்னறிவிப்பாகிவிடும் என்பதை நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவின் ஆய்வுக்கூடம் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது. நாய் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் ஈரல் தருவதில்லை. எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபடி சில முறை ஒரு துண்டு, சில முறை வெறும் தட்டிக்கொடுப்பு, என்றாவது ஒருநாள் ஒரு கை நிறைய. அப்படித் தந்தால்தான் பழக்கம் எளிதில் அழியாது என்பதும் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து அறியப்பட்டதுதான். இதையெல்லாம் அவர் எந்தப் பெயரும் சொல்லாமல், கைப்பழக்கமாகவே செய்கிறார். ஈரலாகப் போன அளவுக்கு இரவுச் சாப்பாட்டில் குறைத்துவிட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்கிறார். மெலிந்த உடல்வாகு கொண்ட இந்த இனத்தில் எடை கூடினால் மூட்டுகள் தாங்குவது கடினம்.

கருவிகளில் அவர் வலியுறுத்தியவை இரண்டே. சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட ஒடுங்கலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் கட்டாயம். மற்றொன்று 10 மீட்டர் நீளக் கயிறு. செல்லப்பிராணிக் கடையில் இதற்கென்றே விற்பதன் விலையைக் கேட்டுத் திரும்பியவர்களைக் காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் கடைக்கு அனுப்புகிறார்; சுண்டுவிரல் பருமனுள்ள மென்மையான நைலான் கயிற்றை வெட்டி வாங்கி, நுனியில் ஒரு கொக்கியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. மலிவாகக் கிடைக்கும் சொரசொரப்பான பிளாஸ்டிக் கயிற்றை வாங்கக் கூடாது. நாய் பாயும்போது அது உள்ளங்கையை உரித்துவிடும். கயிற்றின் நடுவே முடிச்சும் இருக்கக் கூடாது, சைக்கிள் சக்கரத்திலும் வண்டி ஸ்டாண்டிலும் சிக்கிக்கொள்ளும். இந்த நீளக் கயிற்றை எக்காரணம் கொண்டும் கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது. ஓட்டத்தின் முடிவில் விழும் வெட்டு கழுத்து எலும்பைப் பதம் பார்க்கும்.

இனி, இந்தச் சேவையில் நான் மிகவும் ரசித்த பகுதிக்கு வருகிறேன். நாய்க்கு ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் தானாக விளங்குவதில்லை. மொட்டைமாடியில் தெரிந்த 'வா' தெருமுனையில் தெரியாது. தெருமுனையில் தெரிந்தது கல்மண்டபச் சந்தைக்கு அருகில் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கி, தூரத்தையும் நேரத்தையும் சலசலப்பையும் ஒரே சமயத்தில் கூட்டாமல், ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைத்துப் பழக்க வேண்டும். இதை அவர் ஊரின் போக்கோடு பொருத்திவிட்டார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் ஐஸ் வண்டியும் ஏலக் கூச்சலும் குறையும். மீன் குறைவதால் பூனையும் காக்கையும்கூடக் குறையும். அந்தக் காலத்தில் வெயில் ஏறுவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத பொழுதில் அங்கே பயிற்சியைத் தொடங்கி, ஜூன் நடுவில் படகுகள் திரும்பக் கடலுக்குப் போனதும் நாளுக்கு நாள் கூடும் சந்தடியையே அடுத்தடுத்த பாடமாக வைத்துக்கொண்டார். எங்கோ ஒரு புல்வெளியில் கற்றுக்கொடுத்திருந்தால் இந்தப் படிக்கட்டு எங்களுக்குக் கிடைத்திருக்காது. கோடையில் ஏழு மணிக்கு மேல் தார்ச்சாலையில் நாயை அவர் இறக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புறங்கையைச் சாலையில் வைத்துச் சில நொடிகள் பொறுக்க முடியவில்லை என்றால் அன்றைய பாடம் மாடிப்படிக்கட்டிலேயே முடிந்துவிடும்.

வெடிச்சத்தம் வடசென்னை நாய்களுக்குத் தீபாவளியோடு முடிவதில்லை. சாவு ஊர்வலம் போனால் மேளமும் சரவெடியும் தெரு நெடுக வரும். எங்கள் நாய் முதல் வெடிக்கே கட்டிலுக்கடியில் போய்விடும். அந்த நேரத்தில் அது வெளியே இருந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. இதற்குப் பயிற்சியாளர் ஓர் ஊர்வலத்தின் ஓசையைத் தன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து, நாய் சாப்பிடும் நேரத்தில், காதில் விழுந்தும் விழாத அளவில் ஓடவிட்டார். நாய் காதை விறைத்தால் ஒலி குறையும். சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த நாள் ஒரு புள்ளி கூடும். இப்போது நிஜ ஊர்வலத்தின்போது நாய் நடுங்காமல் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடாமல், கூப்பிட்டால் வந்து காலருகில் ஒட்டிக்கொள்கிறது. பயந்த நாயை இவ்வளவுக்குக் கொண்டு வந்ததை நான் பெரிய காரியமாகவே கருதுகிறேன்.

'வா' என்பதைவிட 'நில்' என்பதற்கு அவர் கூடுதல் நேரம் ஒதுக்கியதற்குக் காரணம் எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நாய் இருக்கும்போது 'வா' என்று கூப்பிட்டால், அது சொல் கேட்டதாலேயே சக்கரத்தில் சிக்கும். நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வைத்து, நாம் போய்ப் பிடித்துக்கொள்வதுதான் அங்கே உயிரைக் காக்கும். லாரிச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டும் சைகையையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். பார்வையால் வேட்டையாடும் இனம் என்பதாலோ என்னவோ, குரலைவிடக் கைச் சைகைக்கு எங்கள் நாய் விரைவாகக் கட்டுப்படுகிறது.

இதே கட்டணத்துக்கோ அதைவிடக் கூடுதலாகவோ, நகரத்துக்கு வெளியே நாயை ஒரு மாதம் விட்டுவைத்துப் பழக்கித் தரும் இடங்களும் உண்டு. பெரம்பூரில் உள்ள உறவினர் வீட்டு லேபரடார் அப்படி ஓர் இடத்திலிருந்து திரும்பி வந்தபோது, பயிற்சியாளர் முன்னிலையில் பட்டாளத்துக்காரரைப் போல நின்றது. அவர் வண்டி தெருவைத் தாண்டியதும் பழையபடி சோபாவில் ஏறிக்கொண்டது. அதன் கழுத்தில் முடி உதிர்ந்து ஒரு வளையம் மட்டும் மிச்சம்; இழுத்தால் இறுகும் இரும்புச் சங்கிலியின் தடம் அது. வலி கொடுத்தால் நாய் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வலியை எதிரே வந்த குழந்தையோடோ இன்னொரு நாயோடோ அது முடிச்சுப் போட்டுக்கொண்டால், அடங்கிய நாய் கடிக்கும் நாயாக மாறும் ஆபத்து இருக்கிறது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010இலேயே தடை செய்துவிட்டது. விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முரட்டு நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது. நம் பயிற்சியாளரிடம் இரும்புச் சங்கிலியைப் பற்றிக் கேட்டபோது, முன்பு அவரும் அதைப் பயன்படுத்தியவர்தான் என்றும், விட்டுவிட்டதற்குக் காரணம் கருணை அல்ல, கையிலிருந்து சங்கிலி போனதும் கட்டளையும் போய்விடுகிறது என்பதே என்றும் சொன்னார். கருணையைவிட இந்தக் காரணம் எனக்கு நம்பகமாகத் தோன்றியது.

குறைகளும் உண்டு. நேரம் தவறுவது அவருக்கு வழக்கம். ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஆறே முக்காலுக்கு வந்தால், கோடையில் அன்றைய பயிற்சியில் பாதி போய்விட்டது என்றே பொருள். எந்தக் கட்டளை எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் எதுவும் தருவதில்லை. ஒரு பக்கக் குறிப்பு இருந்திருந்தால் அவர் வராத நாட்களில் நாங்களே சீராகத் தொடர்ந்திருக்கலாம். 'இரு' என்று சொல்லிவிட்டு நாம் கண்ணிலிருந்து மறையும் பயிற்சியை அவசரமாக முடித்துவிட்டார்; இன்றுவரை ஆள் வாசலைத் தாண்டினால் நாய் எழுந்துவிடுகிறது. மாடியில் நின்று தெருநாய்களைப் பார்த்துக் குரைப்பது தன் வேலையில் சேராது என்று ஒதுக்கியதையும் நான் ஏற்கவில்லை. பக்கத்து வீட்டாரோடு சண்டை வருவதே அதனால்தான் என்னும்போது, கீழ்ப்படிதல் பயிற்சி என்ற எல்லைக்குள் அதுவும் வந்தாக வேண்டும்.

ஆனால் பலனைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றாதவர். துரத்தத் தொடங்கிவிட்ட சிப்பிப்பாறையை எல்லா நேரத்திலும் குரலால் திருப்பிவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இன்றைய நிலையும் அதுதான்: பூனை உட்கார்ந்திருந்தாலோ நடந்தாலோ, கூப்பிட்டதும் எங்கள் நாய் தலையைத் திருப்பி ஓடி வருகிறது, பூனை ஓட்டம் பிடித்துவிட்டால் எங்கள் பேச்சு எடுபடுவதில்லை. எனவே தெருவில் கயிறில்லாமல் அதை விடுவதே கிடையாது. தெருநாய்க் கூட்டத்தைக் கடக்கும்போதும், கோவில் திருவிழா நெரிசலிலும், மருத்துவமனை வரிசையிலும் நடந்துகொள்ளும் விதம் முன்பிருந்த நாயோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மாறியிருக்கிறது. இப்போது ஆயாவே அதைப் பால் கடைவரை அழைத்துப்போய் வருகிறார்.

கட்டணம் மாதம் 9,000 ரூபாய், வாரத்துக்கு நான்கு வருகை. ஈரல், கயிறு, ஹார்னஸ் எல்லாம் நம் செலவு. வீட்டில் ஒருவராவது அவரோடு நின்று கற்றுக்கொண்டு, அவர் வராத நேரங்களில் ஐந்தைந்து நிமிடமாகப் பழக்க முடியும் என்றால் மட்டும் இந்தப் பணம் தகும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர்கள் மட்டுமே உள்ள வீட்டுக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே ஆளைக் கடித்திருக்கும் நாய்களை அவர் எடுப்பதில்லை, அவற்றை மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறார். மழையில் தெருவில் தண்ணீர் தேங்கி அவர் வர முடியாத நாட்களுக்குக் கட்டணத்தைக் கழிப்பதும் இல்லை, மாற்று நாள் தருவதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க நினைப்பவர்கள் இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் பொங்கல் கழித்துத் தொடங்கலாம், தடைக்காலம் வருவதற்குள் மாடியிலும் தெருமுனையிலும் செய்ய வேண்டிய அடிப்படைப் பாடங்கள் முடிந்திருக்கும்.